அரை பிளேடும் ஆழாக்கு மைதாவும்

ஏம்பா பேராண்டி, கையால வாழ்த்து அட்டை செய்யப் போறியாமே? கேள்விப்பட்டேன். கூரியர்காரப் பையன் நம்ம தெருவையே சுத்திச் சுத்தி வர்றானே, கேள்விப்படாம இருக்க முடியுமா?

மொதல்ல ஒரு பெட்டி வந்துது. காகிதம் வெட்டுற மெஷினாம். அப்பால இன்னொண்ணு. மடிப்புக்குக் கோடு கிழிக்கிற பலகையாம். அப்பால சின்னதா ஒரு பொட்டலம். அட்டையோட மூலைய மட்டும் வளைச்சு வெட்டுற கருவியாம். அட்டைக்கு நாலு மூலை இருக்குதே கண்ணு, இன்னும் மூணு பார்சல் வரணுமா?

சுடச்சுட பசை துப்புற துப்பாக்கியும் வந்துது. ஜப்பான் டேப்பு கலர் கலரா வந்துது. ஜிகினா வந்துது. எல்லாத்தையும் வைக்க டிராயர் வச்ச டப்பா வந்துது. டப்பாவை வைக்க மேசை வந்துது. சரி, எல்லாம் வந்துதே, அட்டை எங்க?

கேட்டா சிரிக்கிறே. இன்னும் ஒரு கருவி வரணும்ங்கிறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். நீ கூடத்தைப் பேத்துப் புதுசா கட்டிக்கினு இருக்கே.

நாம இருக்கிறது இன்னா ஊரு? பென்னலூரு. ரோட்டைப் புடிச்சு கெழக்கால போனா இருங்காட்டுக்கோட்டை. 1998லேர்ந்து ஹூண்டாய் காரு அங்க இருந்து வந்துக்கினு இருக்குது. தெக்கால போனா ஒரகடம். அங்கயும் காரு, லாரி, டயரு, மோட்டார் சைக்கிளு. மெஷினு கைய நீட்டுது, இரும்பை ஒட்டுது, மடக்கிக்குது. மனுசன் பக்கத்துல நின்னு பட்டனைப் பாக்குறான். இப்பேர்ப்பட்ட ஊர்ல ஒரு புள்ள கையால எதையாச்சும் செய்யணும்னு நெனைச்சா, அது நல்ல புத்தி. நான் மெச்சிக்கிறேன். ஆனா கையால செய்யுறதுக்கு மெஷினு வாங்குனே பாரு, அங்கதான் எனக்குத் தலை சுத்துது.

இந்த வாழ்த்து அட்டைங்கிற சமாச்சாரமே சோம்பேறித்தனத்துல பொறந்ததுதான், தெரியுமா உனக்கு? இங்கிலாந்துல ஹென்றி கோல்னு ஒருத்தரு. 1843ல கிறிஸ்துமஸ் வந்துது. ஊர்ப்பட்ட பேரு கடுதாசி போட்டிருந்தாங்க. அத்தனைக்கும் பதில் எழுத அவருக்கு நேரமில்ல. இன்னா பண்ணாரு? ஹார்ஸ்லின்னு ஒரு சித்திரக்காரர்கிட்ட படம் வரையச் சொல்லி, அச்சடிச்சு, பேரை மட்டும் எழுதி அனுப்பிட்டாரு. மிச்சத்தை ஒரு ஷில்லிங்குன்னு கடையில வித்தாரு. படத்துல குடும்பமே உக்காந்து ஒயின் குடிக்குது, கொழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுறாங்க. அதுக்கு மதுவிலக்குக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. ஆவ, அட்டை பொறந்த அன்னிக்கே பந்தாவும் பொறந்துது, பஞ்சாயத்தும் பொறந்துது. நீ ஒண்ணும் புதுசா பண்ணல.

நம்ம பக்கத்துக்கு வா. எங்களுக்கு வாழ்த்துன்னா பொங்கல் வாழ்த்துதான். தை பொறக்கப் போவுதுன்னா பெட்டிக்கடை வாசல்ல கயிறு கட்டி அட்டைங்களத் தொங்க விடுவாங்க. பானை, கரும்பு, காளை மாடு ஒரு பக்கம். முருகன், லட்சுமி ஒரு பக்கம். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ரெண்டு பக்கம், ஏன்னா ஒரே பக்கம் வைக்க முடியாது. எம்.ஜி.ஆர். கட்சி மச்சானுக்கு சிவாஜி அட்டை போட்டுட்டா அந்த வருசம் பொங்கச்சீரு வராது. அத்தனை யோசிச்சு வாங்கணும். அப்பால வந்தவங்க ரஜினியா கமலான்னு அடிச்சுக்கினாங்க.

அந்த அட்டையெல்லாம் எங்கேர்ந்து வந்துதுன்னு நெனைக்கிறே? சிவகாசி. அந்த ஊருக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டியாலதான். 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயி தீப்பெட்டி செய்யக் கத்துக்கினு வந்தாங்க. தீப்பெட்டின்னா மேல ஒட்ட லேபிளு வேணும். லேபிளுக்கு அச்சு வேணும். லேபிளு அடிச்ச மெஷினு காலண்டரு அடிச்சுது, காலண்டரு அடிச்ச மெஷினு பொங்கல் வாழ்த்தும் அடிச்சுது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரு சீடருங்களும் வரைஞ்ச சாமி படம் மாட்டாத வூடே கெடையாது அப்போ.

அப்போ அந்த அட்டை வச்ச உறையை ஒட்டாம, மடிப்பை உள்ள சொருகி, மேல புக் போஸ்டுன்னு எழுதிப் போட்டா ஸ்டாம்பு கம்மி. ஒட்டிட்டா கடுதாசி, ஒட்டாட்டி புக் போஸ்டு. அந்த சில்லறை மிச்சத்துக்காக ஊரே உறையைத் தொறந்துபோட்டு அனுப்புச்சு. ரகசியம் எழுத முடியாது. எழுதுனா தபால்காரருக்கு மொதல்ல தெரிஞ்சுடும், அப்பால டீக்கடைக்குத் தெரிஞ்சுடும், கடைசியாத்தான் உனக்குத் தெரியும்.

அந்த அட்டை எப்படிப் போச்சு? இதுலதான் நம்ம ஊரு மகிமை இருக்குது. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா கம்பெனி செல்போன் செய்ய ஆரம்பிச்சாங்க. கம்பெனி பஸ்ஸு விடிகாலையில பொம்பளப் புள்ளைங்கள ஏத்திக்கினு போவும். அப்படி அடுக்கடுக்கா வந்த ஃபோனுலதான் பொங்கலுக்கு ஊரே எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பிச்சுது. அட்டை போச்சு. 2014ல அந்த ஃபேக்டரியும் மூடிப்போச்சு. வேலை போயி பொட்டி கட்டுன புள்ளைங்க எத்தினி பேரு, அதுல சிரிக்க ஒண்ணுமில்ல. ஆனா கணக்கைப் பாரு. அட்டையைத் தின்ன ஃபோனும் போச்சு. தபால் பெட்டி மட்டும் செவப்பா அங்கேயே நிக்குது.

இப்போ தொடுற ஃபோனு. பொங்கல் அன்னிக்கு விடியுறதுக்குள்ள பானை படம் வந்து குமியுது. ஒரே பானை. மாமன் அனுப்புறான், மச்சான் அனுப்புறான், இன்சூரன்ஸ்காரன் அனுப்புறான். 2018ல வாட்ஸ்அப்காரங்களே, ஒரு சேதிய ஒரே தள்ளுல அஞ்சு பேருக்கு மேல தள்ளக்கூடாதுன்னு நம்ம நாட்டுல கட்டுப்பாடு வச்சாங்க. வதந்தியத் தடுக்க வச்சது. எனக்கென்னமோ அது இந்தப் பானைக்கும் சேத்துத்தான்னு படுது.

அதனால உனக்கு அலுத்துப் போச்சு. கையால ஏதாச்சும் செய்யணும்னு தோணுது. நியாயம்தான். ஆனா நீ இன்னா பண்றே? அட்டை செய்யுறது எப்படின்னு வீடியோ பாக்குறே. அதுல ஒரு அம்மா வெள்ளை மேசையில, வெள்ளை நகத்தோட, அம்பது சாமானைப் பரப்பி வச்சுக்கினு ஒரு பூ ஒட்டுது. உனக்குப் பூ தெரியல. சாமானுதான் தெரியுது.

கேட்டா காகிதத்தைப் பத்திப் பாடம் எடுக்குறே. "தாத்தா, இது அமிலம் இல்லாத காகிதம், நூறு வருசமானாலும் மஞ்சளாகாது." சரி கண்ணு. நீ அட்டை குடுக்கப் போறியே அந்த சிநேகிதப் பையன், அவன்கூட போன மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தியே. காகிதம் நூறு வருசம் நிக்கும். சிநேகிதம் தீவாளி வரைக்கும் நிக்குமா?

பாண்டிச்சேரி கைக்காகிதத்தைக் குறை சொல்ல மாட்டேன். அரவிந்தர் ஆசிரமத்துல 1959லேர்ந்து செய்யுறாங்க. பருத்தித் துணிக் கிழிசலை ஊறவச்சு, கூழாக்கி, சல்லடையில வடிச்சு எடுக்குற காகிதம். பருத்தி நாரு நீளம், அதனால லேசுல கிழியாது. தொட்டாலே நல்லாருக்கும். கெடைச்சா வாங்கு. ஆனா அது வர்ற வரைக்கும் கைய கட்டிக்கினு உக்காந்திருக்காதே. நம்ம ஊரு ஸ்டேஷனரி கடையில சார்ட்டு பேப்பரு இருக்குது. வூட்டு பரண்ல போன வருச கல்யாணப் பத்திரிகை கெடக்குது. அதைவிட நல்ல அட்டை உனக்கு எங்க கெடைக்கும்? தங்க ரேக்கு போட்டு, பூ எழுப்பி, ஒரு பக்கம் எழுத்தே இல்லாம வச்சிருக்கான் பாவம், பொண்ணைப் பெத்தவன். வெட்டி எடு.

அப்பால, காயலான் கடை. இந்தக் கம்பெனிங்களுக்கு வர்ற சாமானெல்லாம் அட்டைப் பெட்டியிலதானே வருது? பெட்டி மறுபடி எடைக்குப் போவுது. ஒரு துண்டு கேட்டா கடைக்காரரு சும்மாவே குடுப்பாரு. அதோட மேல்தாளை லேசா நனைச்சு உரி. உள்ள அலை அலையா வரும். அதைக் காய வச்சு, நீளநீளமா நறுக்கி ஒட்டிப் பாரு. கரும்பு! கணுவுக்கு ஸ்கெட்ச் பேனாவுல ஒரு கோடு. தோகைக்குப் பச்சைக் காகிதத்துல ரெண்டு கீத்து. இதைத்தான் கடையில விக்கிறான், நெளி அட்டைன்னு தனியா பாக்கெட்டு போட்டு.

இப்போ நான் சொல்ற சாமானைக் கேட்டுக்கோ. அடிஸ்கேலு, இரும்புல. பிளாஸ்டிக்கு வேணாம், பிளேடு அதையே சீவிடும். அரை பிளேடு. புடிக்கிற பக்கம் காகிதம் சுத்திக்கோ, இல்லாட்டி வாழ்த்து அட்டையில மொதல் செவப்பு உன் ரத்தமாத்தான் இருக்கும். அடியில வைக்க பழைய காலண்டர் அட்டை. கத்தரிக்கோல். மை தீந்த பால்பாயிண்ட் பேனா. ஆழாக்கு மைதா. முடிஞ்சுது.

மை தீந்த பேனா எதுக்குன்னு முழிக்கிறியா? அந்தப் பலகை வாங்குனியே கோடு கிழிக்க, அது பண்ற வேலையை இது பண்ணும். கெட்டி அட்டையை அப்படியே மடிச்சா முதுகு வெடிச்சு, வெள்ளை நாரு வெளிய தெரியும். மடிக்கப் போற எடத்துல ஸ்கேலை வச்சு, மையில்லாத முனையால ஒரு கோடு அழுத்திப் போடு. அப்பால மடி. கரண்டியோட முதுகால ஒரு தேய்ப்பு. முடிஞ்சுது மடிப்பு. கல்யாணப் பத்திரிகை அச்சாபீசுல மெஷின்ல பண்றதும் இந்த அழுத்துதான்.

இன்னொண்ணு, இதை அந்த வெள்ளை நகம் சொல்லிச்சான்னு தெரியல. காகிதத்துக்கும் ஒரு ஓட்டம் உண்டு. மெஷின்ல கூழு ஓடுற பக்கமாவே நாரெல்லாம் சாஞ்சுக்கும். அந்த ஓட்டத்தோட மடிச்சா வழவழன்னு மடியும். குறுக்கால மடிச்சா முறுக்கிக்கும். கண்டுபுடிக்கிறது எப்படி? தாளை மடிக்காம, நெடுக்க ஒரு தடவை குறுக்க ஒரு தடவை லேசா வளைச்சுப் பாரு. எந்தப் பக்கம் கையை எதுத்துக்கினு நிக்குதோ அது குறுக்கு. எந்தப் பக்கம் சொன்ன பேச்சைக் கேக்குதோ அந்தப் பக்கம் மடி. மருமகள்கிட்டயும் நான் இப்படித்தான் நடந்துக்கிறேன், வளைச்சுப் பாத்து எதுத்துக்கினா அந்தப் பக்கமே போறதில்ல.

அளவுக்கு ரொம்ப மண்டையை ஒடைச்சுக்காதே. ஜெராக்ஸ் கடையில தர்ற ஏ4 தாளு 21 சென்டிமீட்டருக்கு 29.7. ஒரு மடி மடி, புத்தக அளவு. இன்னொரு மடி மடி, கைக்கடக்கம். எத்தினி தடவை மடிச்சாலும் உருவம் மாறாது, சின்னதா ஆவும், அவ்ளோதான். இந்தக் கணக்கை 1922ல ஜெர்மன்காரங்க போட்டு வச்சாங்க. அதே 1922லதான் நம்ம நாடாருங்க கல்கத்தாவுக்கு ரயிலேறுனாங்க. அங்க ஒருத்தன் தாளை அளந்துக்கினு இருந்தான், இங்க ஒருத்தன் அதை அச்சடிக்க வழி பாத்துக்கினு இருந்தான். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

பசைக்கு வருவோம். அந்தத் துப்பாக்கியை ஓரமா வை. விரலைச் சுட்டுக்கினு வந்து என் கிட்ட நிக்காதே. ஒரு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரை. சிம்முல வச்சுக் கிண்டு. வெள்ளை போயி கண்ணாடியாட்டம் ஆனா எறக்கிடு. சினிமா போஸ்டரு ஒட்டுறவங்க அதுல மயில்துத்தம் போடுவாங்க, பூச்சி அரிக்காது, புளிக்காது. உனக்கு அது வேணாம். அது வெஷம், வூட்டுல கொழந்தைங்க கைய வைக்கும். அன்னன்னிக்குத் தேவையானதை அன்னன்னிக்கே கிண்டிக்கோ. பசையை மெல்லிசாத் தடவு. தண்ணி அதிகமானா தாளு சுருங்கி நெளியும். ஒட்டுன கையோட மேல ரெண்டு கனத்த புத்தகத்தை ஏத்தி வை. நீ வாங்கி வச்சுப் படிக்காத பரிட்சைப் புத்தகம் இருக்குமே, அதுக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி ஆவும்.

படம் வரைய வராதுங்கிறியா? யாரு உன்னை ரவிவர்மா ஆவச் சொன்னது? வெண்டைக்காய் இருக்குதா வூட்டுல? முத்தலா ஒண்ணு எடு. காம்புக்குக் கீழ குறுக்கால ஒரு வெட்டு. அஞ்சு இதழ் பூ தயாரா உள்ள இருக்குது, கடவுளே செதுக்கி வச்சது. வழவழப்பைத் துணியால ஒத்தி, கொஞ்சம் காய விட்டுட்டுக் கலர்ல தொட்டுக் குத்து. அவசரப்பட்டா அந்தக் கோழை கலரை ஒட்ட விடாது. உருளைக்கிழங்கை ரெண்டா வெட்டிப் பானை செதுக்கு. எது பதியணுமோ அதை விட்டுட்டு மத்ததைச் செதுக்கி எடுக்கணும். எழுத்து செதுக்குறதா இருந்தா கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கு. நம்ம தெருவுல ஒரு புள்ள பொங்கல்னு ஆசை ஆசையா செதுக்கிக் குத்திப் பாத்துது. அரபி மாதிரி இருந்துது. அதையே அனுப்பிட்டுது, துபாய்ல இருக்கிற அப்பனுக்கு. அவரு சந்தோசமா வாங்கிக்கினாரு.

பழைய பல்லு வெளக்குற பிரஷ்ஷு இருக்குதா? தாளு மேல வேப்பிலையோ முருங்கைக் கீத்தோ வச்சுட்டு, பிரஷ்ஷை மையில தொட்டு சீப்புல தேய். பொடிப்பொடியா சாரல் அடிக்கும். இலையை எடுத்தா அந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும். நூலை மையில நனைச்சு, மடிச்ச தாளுக்குள்ள சுருட்டி வச்சு, மேல அழுத்திக்கினு வெடுக்குன்னு இழு. தொறந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பூவோ, மயிலோ, பேயோ ஏதோ ஒண்ணு இருக்கும். பேருதான் நீ வைக்கணும். பொறுமை இருந்தா அரசிலையைத் தண்ணியில ஊறப்போடு. வாரக் கணக்குல கெடந்து சதையெல்லாம் அழுகிப் போயி, நரம்பு மட்டும் வலையா மிஞ்சும். நாத்தம் தாங்காது, கொல்லைப்புறத்துல வை. ஆனா கழுவிக் காயவச்சா அதைவிட நேர்த்தியான லேஸு எந்தக் கடையிலயும் கெடையாது.

கலருக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், இது உன் பாட்டி சொத்து. மஞ்சத்தூளைத் தண்ணியில கொழைச்சா மஞ்சளு. அதுலயே துளி வெத்தலைச் சுண்ணாம்பைக் கலந்தா செவப்பு. ஆரத்தித் தட்டுல தெனம் பாக்குறதுதானே, காகிதத்துல பண்ணலாம்னு ஏன் தோணல? அந்தக் காலத்துக் குங்குமமே மஞ்சள்ல பண்ணதுதான். ஒண்ணு மட்டும் நெனப்புல வை. மஞ்சளு வெயில்ல வெளுத்துடும். உறைக்குள்ள இருந்தா இருக்கும். ஜன்னல்ல மாட்டுனா கொஞ்ச நாள்ல மங்கிடும். அது உனக்கு லாபம்தானே? அடுத்த வருசம் புதுசு கேப்பாங்க.

இதுவும் முடியலைன்னா ஒண்ணும் பண்ணாதே. வெள்ளைத் தாளை மடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சளைத் தொட்டு வை. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோமே அதுமாதிரி. மஞ்சளு வச்ச காகிதம் வூட்டுக்குள்ள வந்தா பெரியவங்க கையைத் தொடைச்சுக்கினு வாங்குவாங்க. கருப்பு மையில மட்டும் ஓரம் கட்டிடாதே. ஸ்டைலா இருக்குதுன்னு நீ போடுவே. அங்க பிரிக்கிறதுக்கு முன்னாடியே கிழவிங்க ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுடுவாங்க.

நான் சொல்றதெல்லாம் நாட்டுப்புறத்தான் பேச்சுன்னு தோணுதா? அப்போ வெளிநாட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். யுனிசெஃப்னு ஐ.நா. சபையோட கொழந்தைங்க அமைப்பு இருக்குதே, அவங்க 1949ல மொதல் மொதல்ல போட்ட வாழ்த்து அட்டை யாரு வரைஞ்சது தெரியுமா? செக்கோஸ்லோவாக்கியாவுல ஜித்கா சாம்கோவான்னு ஏழு வயசுப் பொண்ணு. சண்டை முடிஞ்ச நேரம். ஊர்ல சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். யுனிசெஃப் உதவி அங்க போயி சேந்துது. அதுக்கு நன்றி சொல்ல ஒரு படம் வரைஞ்சுது அந்தப் பொண்ணு, கொழந்தைங்க கைகோத்து ஆடுற மாதிரி. வரையக் காகிதம் இல்ல. கண்ணாடித் துண்டு மேல வரைஞ்சுது. அந்தப் படம் ஒலகம் பூரா அட்டையா போச்சு. அந்தப் பொண்ணுகிட்ட மூலை வெட்டுற கருவி இருந்துதா?

சரி, செஞ்சாச்சு. தபால்ல போடணும் இல்ல? இங்கதான் உன் கல்லு, மணி, பாசி, சம்கி எல்லாம் வம்புக்கு வரும். சாதாக் கடுதாசிக்கு 5 ரூபா ஸ்டாம்பு, 20 கிராம் வரைக்கும். ஏ4 அளவுல பாதித் துண்டு கெட்டி அட்டை எட்டு கிராமுக்குள்ள நிக்கும். உறையோட சேத்தாலும் இருபதைத் தொடாது. ஆனா நீ முத்து ஒட்டி, மரப்பொம்மை ஒட்டி, கண்ணாடிச் சில்லு ஒட்டுனா? எடை ஏறும். ஸ்டாம்பு பத்தாது. பத்தாத காசுக்கு ரெண்டு பங்கு அங்க வாங்குறவங்ககிட்ட வசூல் பண்ணுவாங்க. பொங்கல் அன்னிக்கு உன் அத்தை வாசல்ல நின்னு, உன் வாழ்த்துக்கு அபராதம் கட்டணும். போதாததுக்கு தபாலாபீசுல முத்திரை குத்துற கை இருக்குதே, அதுக்கு உன் முத்தும் தெரியாது, பவளமும் தெரியாது. குத்துனா குத்துனதுதான். தட்டையா இருக்கிறதுதான் ஊர் போயி சேரும்.

உறை வேணாம்னா போஸ்ட் கார்டு இருக்குது. 1879ல கால் அணாவுக்கு வந்தது, இன்னிக்கும் அம்பது காசுதான். நீ டீ குடிக்கிற காசுல ஒரு தெருவுக்கே போடலாம். பதினாலு சென்டிமீட்டருக்கு ஒம்பது. அதுல ஒரு வெண்டைக்காய்ப் பூ குத்துனா எடம் சரியா இருக்கும்.

இவ்ளோ சொல்லிட்டேன். ஆனா நீ மாட்டிக்கப்போற எடம் இதெல்லாம் இல்ல கண்ணு. உள்பக்கம்.

வெளிய வெட்டி ஒட்டி முடிச்சுட்டு, உள்ள இன்னா எழுதப் போறே? உன் அக்கா செஞ்சாளே ஒரு அட்டை, பாத்தேன். அரை நாளு உக்காந்து அடுக்கடுக்கா பூ ஒட்டியிருந்தா. தொறந்தா இங்கிலீசுல வாழ்த்து, அதுவும் கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டுனது. கையால செஞ்ச அட்டையில கையெழுத்தைக் காணோம்! எங்க காலத்துலயும் இந்தக் கூத்து இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். தந்தியில வாழ்த்துக்கு நம்பரு வச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு ஒரு நம்பரு, பண்டிகைக்கு ஒரு நம்பரு. நம்பரைச் சொன்னா அந்தாண்ட வாசகம் போயி சேரும். 2013ல தந்தியே நின்னு போச்சு. நம்பர்ல வாழ்த்துற பழக்கம் நிக்கல. இப்போ நீ மூணு பொம்மை மூஞ்சியை அழுத்தி விடுறியே, அது வேற இன்னா?

உனக்கு வெக்கம். அழகா எழுதணும்னு பயம். கவிதை வேணும்னு தேடுறே. எதுக்கு? எங்க ஆளுங்க கடுதாசி எப்படி எழுதுனாங்க தெரியுமா? மேல ஒரு பிள்ளையார் சுழி. இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். அப்பால நேரா விசயம்தான். செவலைப் பசு கன்னு போட்டுது, கெடேரி. ஏரியில தண்ணி கடவாசல் வரைக்கும் நிக்குது. சின்னவனுக்குப் பல்லு முளைச்சுது, எல்லாரையும் கடிக்கிறான். இதுல எங்க கவிதை? ஆனா அந்தக் காகிதத்தைக் கம்பியில குத்தி வருசக் கணக்கா வச்சிருந்தாங்களே, ஏன்?

ஒரகடத்துப் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி கம்பெனிக்குப் போவுதே புள்ளைங்க, திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரின்னு எங்கெங்கேர்ந்தோ வந்து. அதுல ஒரு புள்ள ஊருக்கு அட்டை போடுதுன்னு வை. இன்னா எழுதலாம்? ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப பஸ்ஸுல தூங்கி ரெண்டு ஸ்டாப்பு தாண்டிப் போயிட்டேன்னு எழுதலாம். இங்க சாம்பாரு இனிக்குதுன்னு எழுதலாம். மாடியிலேர்ந்து பாத்தா விமானம் எறங்குறது தெரியுது, அம்மா உன்னை ஒரு நாளு கூட்டியாந்து காட்டுறேன்னு எழுதலாம். அந்த ஒரு வரிக்கு ஜிகினா எதுக்கு? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். சட்டி நெறைய இருக்குது கண்ணு, உன் கிட்ட. அகப்பையைத்தான் நீ பாக்கெட்டு பாக்கெட்டா வாங்கிக்கினு இருக்கே.

இப்போ எழுந்திரு. அந்த மெஷினைத் திருப்பி அனுப்ப இன்னும் நாளு இருந்தா அனுப்பிடு. இல்லாட்டி உங்கம்மாகிட்ட குடு, கீரை நறுக்க ஆவுதான்னு பாக்கட்டும். மைதா எங்க இருக்குதுன்னு கேட்டு வாங்கிக்கோ. மொதல் அட்டை கோணலாத்தான் வரும். அதை உன்னை ரொம்ப நேசிக்கிறவங்களுக்கு அனுப்பு, அவங்க குறை சொல்ல மாட்டாங்க. நல்லா வந்ததை உன்னைப் புடிக்காதவங்களுக்கு அனுப்பு.

முகவரிக்குக் கீழ ஆறு எண்ணு பின்கோடு எழுது. 1972லேர்ந்து எழுதச் சொல்லிக்கினு இருக்காங்க. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடியே பெட்டியில போட்டுடு, பொங்கல் முடிஞ்சு மாட்டுக்கு வாழ்த்து போயி சேரக் கூடாது. எனக்கும் ஒண்ணு போடு. பக்கத்து வூடுதானேன்னு நேர்ல வந்து கையில நீட்டாதே. ஸ்டாம்பு ஒட்டி, தபால்காரரு பேரைச் சொல்லிக் கூப்புட்டுக் குடுக்கணும், எதுத்த வூட்டுக்காரன் பாக்கணும்.